தாய்மாமன் மாலை

'நூறு பேர் பாக்க, மேடையில அவன் என்ன பண்ணிடப் போறானாம்! பொண்ணு சாப்பிட அடம் பண்ணா காக்கா கதை சொல்லி ஊட்டற வாய்தானே இது? அதே வாய்க்குள்ள இப்படி ஒரு பேச்சும் உக்காந்திருந்திருக்கு. இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியலையே.'

சத்யப்பிரியா இதை வெளியே சொல்லவில்லை. பேருந்தின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தாள். ஆலப்பாக்கம் தாண்டி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் அவள் கணவன் அன்புமணி மடியில் பழப் பையை வைத்துக்கொண்டு, மேடை அலங்காரப் படங்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் அடுப்படி வாசலில் நின்று அந்தப் பேச்சைப் பேசியவன் அவன்தான். பேசிவிட்டு உட்கார்ந்து தோசையும் சாப்பிட்டான். சட்னியில் உப்பு கம்மி என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகள் இலக்கியாவுக்குச் சிதம்பரத்தில் மஞ்சள் நீராட்டு விழா. மண்டபம் பிடித்தாயிற்று. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. மிச்சத்தைப் பேசி முடிக்கத்தான் சத்யப்பிரியாவின் அக்கா ரேகா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்புமணி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

இலக்கியா ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதுதான் அவளுக்கு முதல் முறை வந்தது. பதறவில்லை, அழவில்லை. பையில் அம்மா வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, வகுப்பு ஆசிரியையிடம் போன் வாங்கி, "அம்மா, எனக்கு பீரியட்ஸ் வந்துருச்சு. வயிறு மட்டும் லேசா வலிக்குது. சாயந்தரம் டான்ஸ் கிளாஸ் போவலாமா?" என்று கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டபோது சத்யப்பிரியாவுக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. அவள் காலத்தில் ஏதோ பெரிய வியாதி வந்துவிட்டது, செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தவள் அவள். பழந்துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, "எதையும் தொடாத" என்றார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பெருமை சாயந்தரம் வரைக்கும்தான். அதற்குள் அன்புமணி பண்ருட்டியில் இருக்கும் தன் அக்காவுக்குச் சொல்லி, அவர் ஊருக்கே சொல்லி, வீட்டுக்குள் லட்டும் பூவுமாக ஆட்கள் வந்துவிட்டார்கள். இலக்கியா அறையை விட்டு வரவில்லை. "எனக்கு வந்தது இவங்களுக்கெல்லாம் எதுக்கும்மா தெரியணும்?" என்றாள். சத்யப்பிரியா கதவைச் சாத்திவிட்டு, வந்தவர்களுக்குக் காபி போடப் போனாள். ஒரு நாள் கூத்துதானே, போய்த் தொலையட்டும் என்று சடங்குக்குத் தலையாட்டினாள்.

இத்தனைக்கும் அவள் வாத்தியார். கடலூர் முதுநகரில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறாள். பெற்றோர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் கடைசியில் அம்மாக்களை மட்டும் உட்கார வைத்துப் பேசுவது அவள் பொறுப்பு. பிள்ளைகளிடம் உடம்பைப் பற்றி எப்படிப் பேசுவது, எந்த வயதில் எதைச் சொல்வது, காதல் என்று வந்து நின்றால் அடிக்காமல் எப்படிக் கேட்பது. முதல் கூட்டத்தில் ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"மூக்க மூக்குன்னுதானே சொல்லிக் குடுத்தீங்க? காதுன்னா காது. அப்புறம் கீழ வந்ததும் ஏன் 'அது', 'அங்க'ன்னு ஆயிடுது? உங்க வீட்ல என்ன சொல்லுவீங்க, யாராவது சொல்லுங்க."

துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் ஓர் அம்மா துணிந்து வாய் திறந்தாள். "எங்க ஊட்ல இட்லின்னுவோம் டீச்சர்."

கூடம் இடிந்து விழுவது போலச் சிரிப்பு.

"சரி. நாளைக்கி உங்க பொண்ணு வந்து, 'பக்கத்து ஊட்டு மாமா என் இட்லியத் தொட்டாரு'ன்னு சொல்லுது. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வேற இட்லி வெச்சுக்கோன்னுவேன்" என்றாள் அந்த அம்மா. சொல்லி முடிக்கும் முன்பே அவள் முகம் மாறியது. சிரிப்பும் நின்றது.

அன்றைக்குக் கரும்பலகையில் குழந்தைகள் உதவி எண்ணை எழுதிப் போட்டுவிட்டு சத்யப்பிரியா சொன்னாள்: "பேர் சொல்லிக் குடுங்க. புள்ள சொன்னா, மொதல்ல நம்பறேன்னு சொல்லுங்க. ஏன் அப்பவே சொல்லலன்னு கேக்காதீங்க. மாமா, சித்தப்பான்னு மொறை பாக்காதீங்க."

எல்லாம் வாய்கிழியப் பேசியாயிற்று. பேருந்தில் உட்கார்ந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்றுக் காலை இலக்கியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, இளவரசு மாமாதான் மொதல்ல மாலை போடுவாரா?"

"ஆமாண்டி. தாய்மாமன்தானே போடணும்."

"வேற யாருனா போடக் கூடாதா?"

சீப்பு அப்படியே நின்றது. இலக்கியா கண்ணாடியைப் பார்க்காமல் மடியில் கிடந்த ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். பொங்கல் லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, மாடியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாளாம். இளவரசு மாமா வந்து, எப்போதும் கூப்பிடுவது போல, "என் பொண்டாட்டி என்னா பண்றா?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாராம். எங்கே கை வைத்தார் என்பதை இலக்கியா பெயர் சொல்லிச் சொன்னாள். பரீட்சையில் பாகம் குறிப்பது போல, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல். "நான் தள்ளி உட்டுட்டு கீழ ஓடியாந்துட்டேன்" என்றாள்.

"ஏண்டி எங்கிட்ட அப்பவே சொல்லல?"

கேட்கக் கூடாதென்று ஊருக்கெல்லாம் சொன்ன அதே கேள்வி அவள் வாயிலிருந்து முதலில் விழுந்தது.

"பெரியம்மாகிட்ட சொன்னேனே. அன்னிக்கே."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. மாமன்னா அப்படித்தாண்டி வெளையாடுவான், மொறை இருக்குல்லன்னாங்க. உங்கம்மாகிட்ட சொல்லாத, அவ சண்டை போட்டுடுவா, அப்புறம் நீ இங்க வரவே முடியாதுன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "மாமாவத் திட்டலம்மா. அந்தப் பேரச் சொன்னதுக்கு என்னத்தான் திட்டினாங்க. பொட்டப்புள்ள வாயில வர்ற வார்த்தையா இதுன்னு."

சத்யப்பிரியா சீப்பைக் கீழே வைத்தாள். மகளைத் தன் பக்கம் திருப்பினாள். "நீ சொல்றத நம்பறேன். உன்மேல எந்தத் தப்பும் இல்ல. அவன் உனக்கு மாலை போட மாட்டான்."

"நெசமாவா?"

"நெசமா."

இலக்கியா நம்பினாளா என்று தெரியவில்லை. ஒரு முறை பெயர் சொல்லிப் பார்த்துப் பலன் இல்லாமல் போன பிள்ளை. பாதி பின்னிய ஜடையோடு எழுந்து போய்விட்டாள்.

அன்புமணியிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்தது உண்மை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தான். காலையில்தான் அந்தப் பேச்சு வந்தது. "நான் நம்பலன்னு சொல்லல பிரியா. இனிமே அந்தப் பக்கம் புள்ளய அனுப்ப வேணாம், சரியா? ஆனா விழாவுக்குத் தாய்மாமன் வரலன்னா ஊர் ஆயிரம் கேக்கும். நூறு பேர் பாக்க மேடையில என்ன பண்ணிடப் போறான்? ஒரு மாலை. ரெண்டு நிமிஷம்."

அந்த ரெண்டு நிமிஷம் அவள் மகள் பட்டுப் பாவாடையோடு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதே கை கழுத்துக்கு வரும். சுற்றி நின்று எல்லாரும் கை தட்டுவார்கள். போட்டோக்காரன் சிரிக்கச் சொல்லுவான். இத்தனையும் ஆம்பளைக்கு ரெண்டு நிமிஷம்.

சிதம்பரம் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் போய் இறங்கியபோது ரேகா வாசலிலேயே நின்றிருந்தாள். கணவர் குவைத்தில். கீழ வீதிக்குப் பின்னால் மாடியும் கீழுமாக இந்த வீடு. மாடி அறை தம்பி இளவரசுவுக்கு. தெற்கு வீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். மூன்று பேரில் கடைசிப் பிள்ளை.

"வாங்க தம்பி. வாடி. இலக்கியா எங்க? கூட்டியாரல?"

"பக்கத்து வீட்டு ஜான்சிகிட்ட விட்டுட்டு வந்திருக்கோம்."

"தண்ணி ஊத்தாத புள்ளய ஊடு ஊடா அனுப்பற. நல்ல அம்மாடி நீ." சிரித்துக்கொண்டே ரேகா இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் எடுத்து வைத்தாள். அன்புமணி சாப்பிட உட்கார்ந்தான். சத்யப்பிரியா உட்காரவில்லை.

"பொங்கலுக்கு இலக்கியா உங்கிட்ட ஒண்ணு சொன்னாளாக்கா?"

ரேகாவின் கையில் கரண்டி ஒரு கணம் நின்று மறுபடி அசைந்தது. "என்னா சொன்னா?"

"உனக்குத் தெரியும்."

"ஐய, அதுவா? அதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சினு வந்திருக்க?" ரேகா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "அவன் வெளையாட்டுப் பையன்டி. பொறந்ததுலேருந்து அவள பொண்டாட்டி பொண்டாட்டின்னுதான் கூப்பிடறான். நீயே சிரிச்சிருக்க."

சிரித்திருக்கிறாள். தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்து அவன் அப்படிக் கூப்பிட்டபோது எல்லாரும்தான் சிரித்தார்கள்.

"கூப்பிட்டதப் பத்தி நான் கேக்கல. கை வெச்சதப் பத்திக் கேக்கறேன்."

"மெதுவாப் பேசு, ஜன்னல் தொறந்திருக்கு. தப்பு யாரு மேலன்னு நான் சொல்லட்டா? உம்மேல. உடம்புல ஒவ்வொண்ணுக்கும் பேரு வெச்சு பச்சப்புள்ளைக்குப் பாடம் எடுத்தது யாரு? அதனாலதான் தொட்டா தப்பு, பட்டா தப்புன்னு நிக்குது. நம்ம காலத்துல இதெல்லாம் இருந்துதா? நமக்கு மாமன் இல்லியா, சுப்புராயன் மாமா நம்மகிட்ட வெளையாடலியா?"

சத்யப்பிரியாவுக்குள் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது சட்டென்று வேறொரு இடத்தைத் தொட்டது. சுப்புராயன் மாமா. வந்தால் மிட்டாய்ப் பொட்டலத்தோடுதான் வருவார்.

"அவரு வந்தா நீ ஏன்க்கா கக்கூஸுக்குள்ள போய் தாப்பாப் போட்டுக்குவ? நான் வெளிய நின்னு கதவத் தட்டுவேன். நீ தொறக்கவே மாட்ட. அவரு போயிட்டாரான்னு கேட்டுட்டுதான் வெளிய வருவ."

அன்புமணி இட்லியைப் பிட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தான். தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போனார்கள்.

"நான் என்ன செத்தா பூட்டேன்?" என்றாள் ரேகா கடைசியில். "கல்யாணம் கட்டல? புள்ள பெக்கல? அதே சுப்புராயன் மாமாதான் எனக்கு சடங்குல மாலை போட்டாரு. நான் உக்காந்திருந்தேன் இல்ல? எல்லாரும்தாண்டி உக்காந்தோம்."

இதைச் சொல்லிவிட்டு அக்கா அழுதிருந்தால் சத்யப்பிரியா கட்டிக்கொண்டிருப்பாள். ரேகா அழவில்லை. தாண்டி வந்துவிட்ட ஆற்றைக் காட்டி அடுத்தவளையும் இறங்கச் சொல்வது போல அவள் முகம் கெட்டியாக இருந்தது. அந்தக் கெட்டித்தனத்தைப் பார்த்ததும் சத்யப்பிரியாவுக்கு வந்த கோபம் அக்கா மேல் மட்டும் இல்லை. அக்காவை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, ஆரத்தி சுற்றி, பாட்டுப் பாடிய அத்தனை பேர் மேலும் வந்தது. அன்றைக்குப் பாவாடை சட்டையில் மேடைக்குக் கீழே நின்று லட்டு தின்றுகொண்டிருந்த தன் மேலும் வந்தது.

"அடுத்த மாசம் இளவரசுக்குப் பொண்ணு பாக்கப் போறோம்." ரேகாவின் குரல் இறங்கியது. "திருவதிகைல. நல்ல எடம். சொந்த அக்கா மவ சடங்குக்கே தாய்மாமன் வரலன்னு காதுல உழுந்தா என்னான்னு கேப்பாங்க? நீ போலீசு கீலீசுன்னு..."

ரேகா தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரியா. அம்மா இல்லாத புள்ளடி அவன். நீயும் நானும் வளத்தோம்."

அது பொய் இல்லை. அம்மா போனபோது இளவரசுவுக்குப் பால் பல்கூட விழவில்லை. சத்யப்பிரியாதான் குளிப்பாட்டி விடுவாள். சட்டைப் பொத்தானை எந்த ஓட்டையில் போடுவது என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். பல் தேய்க்க, ஷூ கயிறு கட்ட, மூன்றாம் வாய்ப்பாடு. மீசை அரும்பிய பிறகு அவனோடு யாரும் எதுவும் பேசவில்லை. ஆம்பளைப் பிள்ளை, தானாகத் தெரிந்துகொள்வான் என்று விட்டார்கள். ஒரு பெண்ணின் உடம்பு அவளுடையது என்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் அக்காக்கள் இரண்டு பேர்தானே. இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு அவன் மேல் இரக்கம் சுரந்தது. அந்த இரக்கத்தைப் பார்த்து அவளுக்கே எரிச்சல் வந்தது. யாரும் சொல்லாவிட்டால் என்ன? ஓடிப்போகிற பிள்ளையின் முதுகு தெரியாதா ஒருவனுக்கு?

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. இளவரசு உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. சின்னக்காவைப் பார்த்ததும் தயங்கி நின்றான்.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றான் அன்புமணி, யாரையும் பார்க்காமல். "மூஞ்சிக்கு மூஞ்சி பேசிட்டா முடிஞ்சிரும். உக்காரு மச்சான்."

அப்படியென்றால் பேருந்தில் பூ அலங்காரம் பார்த்துக்கொண்டே இதையும் ஏற்பாடு செய்திருக்கிறான். சத்யப்பிரியா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் விரலில் ஒட்டிய கொத்சைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சின்னக்கா" என்றான் இளவரசு. "சத்தியமா வெளையாட்டுக்குத்தான். அது தப்பா எடுத்துக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா."

"அவ உன்னத் தள்ளி விட்டாளா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல. தள்ளி விட்டாளா?"

"விட்டா."

"அப்பத் தெரிஞ்சுதா?"

ரேகா எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் பித்தளைத் தாம்பாளம். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, மஞ்சள் கிழங்கு, மல்லிகைச் சரம். அன்புமணி கொண்டுவந்த பையிலிருந்து நாலு வாழைப்பழத்தையும் எடுத்து அதில் வைத்து, தங்கை முன்னால் நீட்டினாள்.

"உம், போதும். பேசினது பேசியாச்சு, அவனும் தல குனிஞ்சு நின்னுட்டான். மொறைப்படி கூடப் பொறந்தவதான் தாம்பூலம் குடுத்து தாய்மாமன அழைக்கணும். நீ அழைக்காம அவன் மேடை ஏற முடியாது. புடி."

"பிரியா, ப்ளீஸ்" என்றான் அன்புமணி. "புள்ள நல்லதுக்குத்தான்."

"நீ கூப்பிட்டாத்தான்க்கா வருவேன்" என்றான் இளவரசு. கண் கலங்கியிருந்தது. ஷூ கயிறு கட்டத் தெரியாமல் நின்ற அதே கண்.

மூன்று பேரும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் மனத்துக்குள் எத்தனை வசவுகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். பாத்திரத்தை வீச வேண்டும், தெருவே கேட்கக் கத்த வேண்டும் என்றெல்லாம் இருந்தது. இப்போது அதில் ஒன்றும் தேவைப்படவில்லை. கோபம் எங்கேயும் போய்விடவில்லை. உள்ளே குளிர்ந்து கல்லாகி, அவள் அதன் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்தில் கிடந்த நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"புடிடி, கை வலிக்குது" என்றாள் ரேகா.

"கீழ வெச்சிடுக்கா" என்றாள் சத்யப்பிரியா. "நான் கூப்பிடல."